சுண்ணாம்புக் கரண்டகமும் பிளேட்டோவும்

உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஒரு சுண்ணாம்புக் கரண்டகம். சிங்களத்தில் கில்லோட்டய என்பார்கள். கண்டி தலதா மாளிகையின் பின்புறம், பழைய அரசியார் மனையில் இயங்கும் தேசிய அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். வட்டம், நடுவில் கொஞ்சம் உப்பல், ஓரத்தில் மெலிவு. பழைய காலத்துச் சட்டைப்பை மணிக்கூட்டின் உருவம். செம்பிலோ பித்தளையிலோ செய்து வெள்ளி பதித்திருப்பார்கள். நடுவே தாமரை, அதைச் சுற்றி இதழ் வரிசை, ஓரமாகக் கொடிக்கருக்கு. பக்கத்தில் தொங்கும் சங்கிலியின் நுனியில், சுண்ணாம்பு தோண்டி எடுக்க ஒரு சிறு கரண்டி.

வேலைப்பாட்டைப் பாராட்டிவிட்டு நகர்கிறவர்கள் அந்த உப்பலைக் கவனிப்பதில்லை. பெருவிரல் போய் அமர்வது அங்கேதான். ஓரம் மெலிந்திருப்பதால் இடுப்பு மடியில் செருகினால் உறுத்தாது. கருக்கு வேலை அவ்வளவு நெருக்கமாக இருந்தும் எந்த இடத்திலும் துருத்தி நிற்காது, துணியில் சிக்காது. அழகு செய்தவனுக்கு வெற்றிலை போடுகிறவனின் கை தெரிந்திருக்கிறது.

சைவ சித்தாந்தம் படித்த வீடுகளில் குடத்தை வைத்துக் காரணம் சொல்லிக்கொடுப்பார்கள்: மண் முதற்காரணம், சக்கரமும் கோலும் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். அரிஸ்டாட்டிலும் ஏறத்தாழ இதே வழியில்தான் போகிறார். ஆனால் அவருடைய நான்கில் இரண்டு நம் கணக்கில் தனியாக நிற்பதில்லை: செய்பவன் மனத்தில் முதலில் எழுகிற வடிவம், அப்புறம் அந்தப் பொருள் எதற்காகவோ அந்தப் பயன். கரண்டகத்தில் நான்கையும் தொட்டுக் காட்டலாம். செம்பு, தட்டாரின் கை, தாமரை, வெற்றிலை. வயதான காலத்தில் கலையைப் பற்றி எழுதும்போதெல்லாம் இந்த நான்கையும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்த ஒருவர், இளமையில் கண்டி மலைநாட்டுக் கிராமங்களில் இப்படிப்பட்ட பொருள்களைத் தேடித் திரிந்தவர். அவர் ஆனந்த குமாரசுவாமி.

அவர் தேடிவந்தது கலையை அல்ல, கல்லை. 1877இல் கொழும்பில் பிறந்தவர். தந்தை சேர் முத்துக்குமாரசுவாமி யாழ்ப்பாணத் தமிழர். அரிச்சந்திர நாடகத்தை ஆங்கிலமாக்கியவர், லண்டனில் பாரிஸ்டரானவர். தாய் எலிசபெத் பீபி ஆங்கிலேயப் பெண்மணி. மகனுக்கு இரண்டு வயது ஆகுமுன் தந்தை போய்விட்டார். இங்கிலாந்தில் வளர்ந்து, லண்டனில் நிலவியலும் தாவரவியலும் படித்து, 1903இல் இலங்கைக் கனிம ஆய்வின் தலைவராகத் திரும்பி வந்தார். அடுத்த ஆண்டே தோரியனைட் என்ற புதிய கனிமத்தை அடையாளம் கண்டார். அதோடு நின்றிருந்தால் கனிமவியல் நூல்களின் அடிக்குறிப்பில் ஒரு பெயராக இருந்திருப்பார். கல்லைத் தேடிப் போன வழியெல்லாம் விகாரைகளும் பட்டறைகளும் தறிகளும் இருந்தன. கல்லைப் பார்க்கப் பழகிய கண் அங்கே திரும்பியது. ஒரு பாறையின் பெயரைச் சொல்லும் முன் அதன் அடுக்கையும் சேர்க்கையையும் பார்க்க வேண்டும். ஒரு தூணையும் அவர் அப்படித்தான் பார்த்தார். 1905இல் கண்டிப் பிரதானிகளுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். உங்கள் பாட்டன்மார் கட்டியவை உங்கள் கண் முன்னே பாழாகின்றனவே என்பதுதான் அதன் சாரம்.

உடன் வந்தவர் மனைவி எத்தெல். டெவனின் பார்ன்ஸ்டபிள் ஊர்ப்பெண். அவருடைய தம்பி நகை செய்பவர். எத்தெலின் கையில் கமரா இருந்தது. 1908இல் வெளிவந்த ‘மீடீவல் சிங்களீஸ் ஆர்ட்’ என்ற பெரிய நூலின் புகைப்படங்களில் பெரும்பாலானவை எத்தெல் எடுத்தவை.

அந்த நூலையே ஒரு கைவினைப் பொருளாக எடுத்துப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் ப்ராட் காம்டன் என்ற சிற்றூரில், பாழடைந்து கிடந்த நோர்மன் காலத்துச் சிறு தேவாலயம் ஒன்றை வீடாக மாற்றிக் குடியிருந்தார்கள். மாற்றிக் கொடுத்தவர் கைவினைச் சங்கம் நடத்திய சி. ஆர். ஆஷ்பீ. அச்சகமும் அவர் தொடங்கியதே, எசெக்ஸ் ஹவுஸ் பிரஸ். அச்சு யந்திரத்துக்கு ஒரு குலவரலாறு உண்டு: வில்லியம் மொரிஸ் தம் புகழ்பெற்ற சோஸர் பதிப்பை அடித்த அதே கை யந்திரம். 1907 செப்டெம்பரில் தொடங்கிய அச்சு வேலை 1908 டிசெம்பரில் முடிந்தது. பதினைந்து மாதம். அடித்த பிரதிகள் 425. பட்டறைத் தொழில் அழிகிறது என்று புலம்பும் நூலை நீராவி யந்திரத்தில் மளமளவென்று அடித்துத் தள்ளியிருந்தால் சொல்வது ஒன்று, செய்வது ஒன்று என்று ஆகியிருக்கும். கை யந்திரத்தில் எழுத்து தாளில் லேசாக அழுந்தும்; தடவினால் விரலுக்குத் தெரியும். 1956இல் நியூயோர்க்கில் வந்த இரண்டாம் பதிப்பு வாசிக்க வசதியானது, ஆனால் விரலுக்கு அதில் வேலை இல்லை.

இனிப் படங்கள். கண்டிக்குப் புகைப்படம் புதிதல்ல. 1860களிலேயே ஜோசப் லோட்டன் அங்கே படமெடுத்தார்; 1870களில் சார்ல்ஸ் ஸ்கவன் ஸ்டூடியோ வைத்திருந்தார். அந்தக் காலத்துப் படங்களில் கண்டிப் பிரதானி எப்படி இருப்பார் என்று நமக்குத் தெரியும். அடுக்கடுக்காகச் சுற்றிய துணியும் நாலு மூலைத் தொப்பியுமாக, வரைந்த திரைக்கு முன்னால் விறைத்துக்கொண்டு நிற்பார். இடுப்பில் செருகிய கத்தியின் பிடியில் என்ன வேலைப்பாடு என்று தேடினால் கிடைக்காது. நுவரெலியாவுக்கும் கண்டிக்கும் வந்துபோனவர்கள் வாங்கிச் செல்வதற்காக எடுத்த படங்கள் அவை. ஆளைக் காட்டும், பொருளைக் காட்டாது.

எத்தெல் எதிர்ப்பக்கம் நின்று பார்க்கிறார். பாக்குவெட்டியா, அதன் கீலும் வளைவும் தெரிய வேண்டும். தூணா, எந்த இடத்தில் சதுரம் எட்டுப்பட்டையாகிறது என்பது தெரிய வேண்டும். பின்னணியில் நாடகம் கிடையாது. ஒளி ஒரு பக்கத்திலிருந்து சாய்ந்து விழுந்தால்தான் தாழ்ந்த செதுக்கு எழுந்து நிற்கும். உச்சி வெயிலில் எடுத்தால் மரச் செதுக்கு முழுவதும் தட்டையாகிவிடும். கண்டிப் பக்கத்து எம்பெக்கே தேவாலயத்துக்குக் கைபேசியோடு போய் நண்பகலில் படமெடுத்துத் திரும்பிய எவருக்கும் இந்த இழப்பு பழக்கமானது. புகைப்படக்காரரின் கையெழுத்து என்று சொல்லும்படி எதுவும் இந்தப் படங்களில் இல்லை என்பார்கள் சிலர். எனக்கு அதுவே கையெழுத்தாகப் படுகிறது. தன்னைக் காட்டாமல் ஒதுங்கி நிற்பதற்கும் ஒரு பயிற்சி வேண்டும்.

‘குடியரசு’ நூலின் பத்தாம் பகுதியில் பிளேட்டோ ஒரு கணக்குப் போடுகிறார். கட்டிலின் மெய்யான வடிவம் ஒன்று. அதைப் பார்த்துத் தச்சன் செய்கிற கட்டில் இரண்டாவது. அந்தக் கட்டிலைப் பார்த்து ஓவியன் தீட்டுவது மூன்றாவது, ஆகவே மெய்க்கு வெகு தூரம். இந்தக் கணக்கில் புகைப்படத்துக்கு ஓவியன் இடம்கூடக் கிடைக்காது என்றே நினைப்போம். ஆனால் அதே பகுதியில், கொஞ்சம் தள்ளி, பலரும் கடந்துபோகிற ஓர் இடம் இருக்கிறது. ஒரு குழல் நல்ல குழலா என்று அறிந்தவன் அதை ஊதுகிறவன். செய்கிறவன் அவனிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும். பயன்படுத்துகிறவனுக்கே முதல் அறிவு. எத்தெலின் படங்களுக்குப் பொருந்துவது கட்டில் கணக்கல்ல, இந்தக் குழல் கணக்கு. அவர் பின்னாளில் தறியில் உட்கார்ந்தவர். குமாரசுவாமியைப் பிரிந்து மறுமணம் செய்து, எத்தெல் மைரே என்ற பெயரில் இங்கிலாந்துக் கைத்தறிக்கே தாய் போலானார். 1916இல் தாவரச் சாயங்கள் பற்றி ஒரு நூல் எழுதினார். 1937இல் பிரிட்டனின் தொழிற்கலை வடிவமைப்பாளருக்கான அரச கௌரவம் பெற்ற முதல் பெண்ணும் அவரே. ஒரு துணியை எந்த அண்மையில் பிடித்தால் பாவும் ஊடையும் பிரிந்து தெரியும் என்று நெய்யப்போகிற கண்ணுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது.

நூலில் இந்தப் படங்களோடு கோட்டுருவங்களும் உண்டு. தமிழ் வாசகருக்குத் தித்திப்பான இடம் அது. சிங்களவர் லியவெல என்பது நம் கொடிக்கருக்கு. பேருண்டப் பட்சி நம் கண்டபேரண்டம். நாரிலதா என்றொரு கொடி உண்டு; பூவுக்குப் பதில் பெண் பூப்பாள். இடுப்புவரை பெண், கீழே சுருள். ஐந்து பெண்கள் பின்னிப் பிணைந்து ஒரு குடமாகும் பஞ்சநாரி கடம், நம் கோயில் தூண்களில் ஒன்பது பெண்கள் யானையாகிற நவநாரி குஞ்சரத்தின் தங்கை. குருநாகல் பக்கத்து ரிதி விகாரையின் தந்த வேலையில் அந்தக் குடத்தைப் பார்க்கலாம். எது அங்கிருந்து இங்கே வந்தது, எது இங்கிருந்து அங்கே போனது என்ற வழக்கில் எனக்கு ஆர்வம் குறைவு. 1344இல் எழுந்த கடலாதெனிய விகாரையைக் கட்டிய தலைமைச் சிற்பியின் பெயர் கணேசுவராசாரி. அதே ஆண்டின் லங்காதிலகத்தில் சிங்களக் கல்வெட்டோடு தமிழ்க் கல்வெட்டும் உண்டு. பட்டறையில் பழகியவர்களுக்கு இந்த வழக்கே இருந்திராது.

அவ்விரண்டுக்கும் அருகே எம்பெக்கே. பறை கொட்டும் மண்டபத்தில் 32 மரத்தூண்கள். ஒவ்வொரு தூணின் நடுவிலும் சதுரக் கட்டங்கள், கட்டத்துக்கொரு காட்சி. மல்லர் இருவர் கட்டிப் புரள்கிறார்கள், தாய் பிள்ளைக்குப் பாலூட்டுகிறாள், குதிரை வீரன், ஆடும் பெண், கழுத்துப் பின்னிய அன்னங்கள். அன்னக் கட்டத்தில் நின்று பார்க்க வேண்டும். இரண்டு கழுத்தும் சுற்றி வந்து முடிச்சாகின்றன. எந்தக் கழுத்து மேலே, எது கீழே என்று விரலால் தொடர்ந்துகொண்டு போனால் ஒரு சுற்றில் மேலே போனது அடுத்த சுற்றில் கீழே இறங்கும், கயிற்று முடிச்சின் நியாயத்துக்கு ஒரு பிசகும் இல்லாமல். சதுரத்தின் மூலைகள் வெறுமையாகக் கிடக்கக் கூடாதே என்று இறகையும் வாலையும் மூலைக்கு அனுப்பியிருக்கிறான். சட்டம் பறவையை நெருக்கவும் இல்லை, பறவை சட்டத்தை மறந்துவிடவும் இல்லை. அண்ணாந்து பார்த்தால் கூரையில் வேறொரு வித்தை: ஒரு முனையில் 26 கைமரங்கள் கூடும் இடத்தை மதொல் குருபாவ என்ற ஒற்றை மர ஆப்பு பிடித்து நிறுத்துகிறது. அதன் தலையிலும் செதுக்கல் வேலை உண்டு. இத்தனை பாரத்தைச் சுமக்கிறவனுக்கு அலங்காரம் எதற்கு என்று செய்தவன் கேட்கவில்லை.

தெகல்தொருவையை இங்கே விட்டுவிட முடியாது. கண்டிக்குக் கிழக்கே அமுனுகம பக்கத்தில் பாறைக் குகை விகாரை. கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் காலத்து ஓவியங்கள். அவன் மதுரைப் பக்கத்திலிருந்து வந்த நாயக்கர் வழியினன், ஆட்சி 1747 முதல் 1782 வரை. சிவப்புத் தரையில் பட்டை பட்டையாகக் கதை நகரும். வெஸ்ஸந்தரன் தானம் கொடுக்கும் சாதகக் கதையில் ஒரே ஆள் ஒரே பட்டையில் திரும்பத் திரும்ப வருவான். நம் கண் நடந்தால் அவனும் நடப்பான். இடைவெளி விழுந்தால் ஒரு பூ உதிர்ந்து கிடக்கும். நிழல் என்பதே கிடையாது. கமராவுக்கு நிழல் வேண்டும், இந்தச் சுவருக்கு வேண்டாம். கறுப்பு வெள்ளைத் தகட்டில் அந்தச் சிவப்பு வெறும் சாம்பலாகிவிடும். எத்தெலின் கமரா தோற்ற இடம் இதுதான். கணவரின் கோடு அங்கே கைகொடுக்கிறது.

நூலின் பாதிக் கனம் படங்களில் இல்லை, கைவினைஞர் எப்படி வாழ்ந்தார்கள் என்ற விவரத்தில் இருக்கிறது. கண்டி அரசில் தட்டாருக்கும் கொல்லருக்கும் ஓவியருக்கும் நிலம் உண்டு. நிலத்துக்கு ஈடாக அரசனுக்கோ கோயிலுக்கோ வேலை. அரண்மனைக்கென்று நான்கு பட்டறைகள், பட்டல் ஹதர. ரூபாவலிய, சாரிபுத்ர போன்ற சிற்ப நூல்களின் சமஸ்கிருதச் செய்யுள்களை மனப்பாடம் செய்த பின்தான் உருவத்துக்கு அளவு போடலாம். பிளேட்டோவின் ‘குடியரசு’ நாலாம் பகுதியில் ஒரு குயவர் வருகிறார். பணம் பெருத்தால் சக்கரத்தைச் சட்டை செய்ய மாட்டார். வறுமை மிஞ்சினால் கருவி வாங்க வழியில்லாமல் பானையும் கெடும், பிள்ளைகளுக்குத் தொழிலும் சரியாக வராது. இரண்டும் கைத்தொழிலைக் கெடுக்கும் என்கிறார் பிளேட்டோ. பரம்பரை வயலில் நெல் விளைய, பட்டறையில் அவசரமில்லாமல் தட்டிக்கொண்டிருந்த கண்டித் தட்டார் அந்தக் குயவருக்குப் பதில் சொல்லி முடித்துவிட்டவர். பிரித்தானியர் 1815இல் கண்டியைப் பிடித்து, 1830களில் ராஜகாரியத்தை நீக்கியபோது கட்டாய ஊழியம் ஒழிந்தது உண்மை. கரண்டகத்தின் ஓரத்தை அவ்வளவு மெலிதாகத் தட்டுவதற்கான ஓய்வும் சேர்ந்தே போயிற்று.

இந்த இடத்தில் குமாரசுவாமியோடு எனக்குச் சண்டை உண்டு. பழைய ஒழுங்கின் மீது அவருக்கு ஆசை அதிகம். தும்பறைப் பாய் நெய்த கின்னரர் தலையில் எதையும் அணியக் கூடாதென்று இருந்ததை ரொபர்ட் நொக்ஸ் 1681இலேயே எழுதிவைத்தார். மருள் நாரைச் சீவி, பதிமுகக் கட்டையில் சிவப்பேற்றி, மானும் பாம்பும் பறவையும் நெய்து கொடுத்தவரின் தலை வெறுந்தலை. பிளேட்டோவின் நகரத்திலும் அவரவர் தொழிலை அவரவர் செய்வதே நீதி. எந்தத் தொழில் என்று தீர்மானிப்பது யார் என்ற கேள்வி அங்கும் சங்கடமானதுதான். பாயை ரசிக்கும்போது இந்த நினைப்பு கூடவே வரட்டும். ரசனைக்கு அதனால் ஒரு குறைவும் இல்லை.

கண்டி முதலில், பிளேட்டோ பின்னால் என்ற வரிசை முக்கியம். 1917இல் குமாரசுவாமி பொஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் இந்தியப் பிரிவுக்குப் போனார். 1924இல் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸின் 27 புகைப்படங்கள் அவர் முயற்சியால் அங்கே சேர்ந்தன. பெரிய அமெரிக்க அருங்காட்சியகங்கள் புகைப்படத்தைக் கலை என்று உள்ளே விடத் தயங்கிக்கொண்டிருந்த நேரம். பின்பு கிரேக்க மூலத்தை நேரே வாசித்து, பிளேட்டோவையும் புளோட்டினஸையும் உபநிடதங்களோடு அருகருகே வைத்து எழுதலானார். 1943இல் ‘ஒய் எக்ஸிபிட் வர்க்ஸ் ஆஃப் ஆர்ட்?’ என்று அருங்காட்சியகக்காரரே கேட்டார். 1947இல் அவர் இறந்த ஆண்டில் வந்த ‘டைம் அண்ட் இட்டேர்னிட்டி’ நூலில் இந்து மதம், பௌத்தம், கிறிஸ்தவம், இஸ்லாம் ஆகியவற்றோடு கிரேக்கத்துக்கும் ஓர் அத்தியாயம். பல்கலைக்கழக வகுப்பில் பிளேட்டோவைக் கற்றவருக்குக் குயவரும் தச்சரும் உவமைகள். குமாரசுவாமிக்கு அவர்கள் பெயரும் ஊரும் உள்ளவர்கள். அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அளவு கேட்டிருக்கிறார். அந்தக் கட்டுரைகளில் வெறும் தத்துவம் பேசுகிறவருக்கு வராத ஒரு பிடிமானம் இருப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இன்றைக்குக் கண்டியிலிருந்து தெல்தெனியாப் பாதையில் போனால் திகனை, ரஜவெலை. விக்டோரியா நீர்த்தேக்கத்தின் கரையில் டொனால்ட் ஸ்டீல் வடிவமைத்த கோல்ஃப் மைதானம், 1999இல் திறந்தது. கோல்ஃப் புத்தகங்களில் வரும் படங்களைப் போல மேலிருந்து பார்த்தால் அழகுதான்: புல், நீர், அப்பால் நக்கிள்ஸ் மலை. அந்த நீருக்கடியில் பழைய தெல்தெனியா கிடக்கிறது. அதே தும்பறைப் பள்ளத்தாக்கில் ஹேனவலையில் இன்னும் பாய் நெய்கிறார்கள். மேலே போனால் தலகுனையின் பருத்தித் தறி, குமாரசுவாமி நூலிலும் பேர்பெற்ற ஊர். கோல்ஃப் ஆட வருகிறவர்களில் சிலர் போகும்போது பாயில் செய்த கைப்பையோ மேசை விரிப்போ வாங்கிப் போகிறார்கள். பையின் விலையைப் பேரம் பேசாதவர்கள் என்றால் பிளேட்டோவின் குயவர் பாதிக் கணக்கையாவது ஒப்புக்கொள்வார்.

வடக்கே மாத்தளைப் பக்கம் ஹப்புவிதையில் அரக்கு வேலை, நியபொத்து. நிய என்றால் நகம். கரி நெருப்பில் அரக்கைக் காட்டி, இளகியதும் இரு கையாலும் இழுத்து நூலாக்குவார்கள். சிவப்பு, மஞ்சள், கறுப்பு, பச்சை. சிவப்பு பூசிய கோலை அனலில் காட்டி, மஞ்சள் நூலை மேலே வைத்து, பெருவிரல் நகத்தால் அழுத்தி நறுக்க வேண்டும். அரக்கு ஆறினால் ஒட்டாது, அதிகம் இளகினால் கோடு வழியும். இலைநுனியின் கூர் முழுக்க அந்த நகம் திரும்புகிற விதத்தில் இருக்கிறது. எத்தனை அருமையான புகைப்படமானாலும் அரக்கின் சூட்டைக் காட்டாது. ஆனால் முடிந்த கோலைக் கண்ணுக்கு அருகில் பிடித்தால் மஞ்சள் இழை ஒவ்வொன்றின் முனையிலும் நகம் நறுக்கிய சின்னஞ்சிறு சரிவு தெரியும், ஒன்றைப்போல் ஒன்று இல்லாமல்.